வெட்டிய துண்டுகளின் ஓரம் பிசிறு விடுகிறது: பாதியில் நிற்கும் ஒட்டுப்போர்வையை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து

வணக்கம். தைப் பனிக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆடி மாதத்தில் தொடங்கிய ஒட்டுப்போர்வை ஒன்று பாதியில் நிற்கிறது. ரவிக்கை தைக்கும் கடையில் மிஞ்சிய பாப்ளின், டூ பை டூ துண்டுகளோடு, தோடர் பூவேலைக்கு எடுக்கும் முரட்டு வெள்ளைத் துணியில் என்னிடம் எஞ்சியிருந்ததையும் சேர்த்து, 5 அங்குலச் சதுரங்களாக 192 துண்டுகள் வெட்டினேன். வரிசைக்கு 12 துண்டுகளாக 16 வரிசைகள் வைத்தால், எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 54 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் வரும் என்பது என் கணக்கு.

சிவப்புத் துணி சாயம் விட்டு வெள்ளையைக் கெடுத்துவிடுமோ என்ற பயத்தில், வெட்டிய துண்டுகளை எல்லாம் வாளியில் போட்டு அலசினேன். ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம் அது என்பதால், அடுப்படிக் கொடியில் இரண்டு நாள் கிடந்துதான் அவை காய்ந்தன. 9 வரிசைகள் தைத்து முடித்த பிறகு திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் முழுவதும் நூல் தொங்குகிறது. சில இடங்களில் தையலுக்கு வெளியே அரைக்கால் அங்குலத் துணிகூட மிஞ்சவில்லை. கருநீல நூல் வெள்ளைச் சதுரத்தின் வழியே நிழலாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தையலின் தொடக்கத்திலும் இயந்திரத்தின் அடிநூல் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா? ஓரங்களில் பசை தடவினால் நிற்குமா?

பதில்: குன்னூரிலிருந்து

பிரிக்காதீர்கள், அம்மா. பிசிறு விட்ட துணியில் தையலைப் பிரித்தால், ஊசித் துளைகளோடு சேர்ந்து இன்னும் இரண்டு மூன்று இழைகள் கழன்று வரும். இப்போது மிஞ்சியிருக்கும் ஓரமும் போய்விடும்.

பிழை உங்கள் தையலில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. துணியை முழுதாக அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். முழுத் துணிக்கு வெட்டுவாய் இரண்டே இரண்டுதான், மற்ற இரண்டு பக்கமும் கரை இருக்கிறது. நீங்களோ 192 துண்டுகளுக்கும் நான்கு பக்கம் வெட்டுவாய் திறந்துவிட்டு, அவை ஒன்றோடொன்று உரசும்படி வாளியில் அலசியிருக்கிறீர்கள். சாயத்தைப் பற்றிய பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கும் வெட்டுவதற்கு முன்பே அலசியிருக்க வேண்டும்.

மீதமுள்ள 84 துண்டுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். 4 அங்குலச் சதுரமாக ஓர் அட்டை வெட்டி, ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் நடுவில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தே தையுங்கள். அப்போது தையலுக்கு வெளியே அரை அங்குலம் இருக்கும். அதில் அரைக்கால் அங்குலம் பிசிறாகப் போனாலும் கவலையில்லை. தையல் நீளத்தை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், நெருக்கமான தையலிலிருந்து இழை எளிதில் நழுவாது.

இதனால் அந்த 7 வரிசைகளின் அகலம் 48 அங்குலமாகச் சுருங்கும். இரு பக்கமும் 4 அங்குல அகலப் பட்டையை வெட்டி அரை அங்குலத் தையலில் சேர்த்தால், பக்கத்துக்கு 3 அங்குலம் கூடி மறுபடி 54 ஆகிவிடும். நீளத்தில் 9 வரிசைகள் 40½ அங்குலமும், 7 வரிசைகள் 28 அங்குலமும் வரும். இடையில் தையல் போக 3½ அங்குலம் நிற்கும்படி ஒரு குறுக்குப் பட்டை வைத்தால் உங்கள் 72 கிடைக்கும். மேலும் கீழும் சதுரங்களின் தையல்கோடுகள் நேருக்கு நேர் பொருந்தாததையும் அந்தப் பட்டை மறைத்துவிடும். அடர் நிறமாக எடுங்கள். வேண்டுமென்றே அப்படித் தைத்ததுபோல இருக்கும்.

பதில்: கூடலூரிலிருந்து

ஓரத்தில் நகப்பூச்சு தடவுங்கள். என் சகோதரி ரிப்பன் நுனிகளுக்கு அப்படித்தான் செய்வார்.

பதில்: உதகையிலிருந்து

ரிப்பன் நுனிக்குச் சரி, போர்வைக்கு வேண்டாம். நகப்பூச்சும் பசையும் காய்ந்து விறைத்து, மெல்லிய துணியின் வழியே உடம்பில் குத்தும். ஊசியும் அந்த இடத்தில் தடுமாறும்.

அந்த முரட்டு வெள்ளைத் துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலையில் வரைந்துகொண்டு தைக்கும் வழக்கம் இல்லை. ஊசி பிடிப்பவர் துணியின் இழைகளை எண்ணியே கோலத்தைக் கொண்டுவருகிறார். கண்ணால் எண்ண முடிய வேண்டுமென்றால் இழை பருமனாகவும் நெசவு இளக்கமாகவும் இருந்தாக வேண்டும். பூவேலைக்கு உகந்த அந்த இளக்கத்தால்தான், வெட்டியவுடன் பாவும் ஊடையும் பிடி தளர்ந்து கழன்றுவிடுகின்றன. எனவே அந்தச் சதுரங்களுக்கு மட்டும், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஒட்டுத் துணியைப் பின்பக்கம் வையுங்கள். தையல் பொருள் கடையில் ஃபியூசிங் என்று கேட்டால் தருவார்கள். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து அழுத்தி எடுத்து, ஆறிய பிறகே துண்டைத் தொட வேண்டும். தைத்து முடித்த வரிசைகளில் ஓரம் மெலிந்த இடங்களிலும் அதையே ஓர் அங்குலப் பட்டையாக வெட்டித் தையலின் மேல் ஒட்டலாம்.

பட்டைகளுக்கு எடுக்கும் புதுத் துணியை அலசிய பின், சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கலந்து முக்கி, பாதி ஈரத்திலேயே இஸ்திரி போட்டு வெட்டிப் பாருங்கள், காகிதம்போல வெட்டுப்படும். ஆனால் நம் மலைக் குளிரில் கஞ்சி போட்ட துணியைப் பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்கும், ஆகவே போர்வை முடிந்ததும் ஒருமுறை அலசிவிடுங்கள்.

நீல நூல் நிழலாடுவதற்கு, ஒவ்வொரு தையலின் ஓரத்தையும் அடர் நிறத் துணியின் பக்கமாக மடித்து இஸ்திரி போட வேண்டும். மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையே பஞ்சு விரிப்பை வைப்பதற்கு முன், தைத்து முடித்த மேல்துணியைப் பகல் வெளிச்சத்தில் சன்னலில் பிடித்துப் பார்த்து, தொங்கும் நூலைக் கத்தரியால் நறுக்குங்கள். கையால் இழுத்தால் ஒரு நூலுக்கு மூன்று நூல் வரும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. இரண்டு வரிசைகளைக் கோடு போட்டுத் தைத்துப் பார்த்தேன். ஓரம் உறுதியாக நிற்கிறது. ஆனால் அடிநூல் கொத்து மட்டும் போகவில்லை. அது டென்ஷன், அதாவது இயந்திரத்தின் நூல் இறுக்கத்தில் கோளாறா?

பதில்: குன்னூரிலிருந்து

தொடக்கத்தில் மட்டும் சிக்குகிறது என்றால் டென்ஷனைத் தொட வேண்டாம். அடிநூலை மேலே எடுத்து, இரண்டு நூல்களையும், துணியை அழுத்தும் இயந்திரப் பாதத்துக்குப் பின்னால் மூன்று நான்கு அங்குலம் விட்டு, முதல் சில தையல்கள் விழும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சுலபம், இரண்டாக மடித்த கழிவுத் துண்டில் தைக்கத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே சதுரத்துக்குள் ஓட்டிவிடுவது. கொத்து விழுந்தால் அந்தக் கழிவுத் துண்டோடு போகும். அடுத்த சோடியையும் அறுக்காமல் பின்னாலேயே கொடுத்துக்கொண்டு போனால், நூல் முனைகளும் பாதியாகக் குறையும்.

பஞ்சு வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது, பழைய 9 வரிசைகளில் ஓரம் மடிந்திருக்கும் பக்கத்தில், தையலை ஒட்டி அரைக்கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் பிசிறும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். அந்த வேலைக்கு 14-ஆம் எண் ஊசியைப் புதிதாக மாட்டிக்கொள்ளுங்கள்.