மறையூர் பக்கம் கூடார முகாம்: யானை, ஆமை விஷயத்தில் யோசனை தேவை

வணக்கம். சின்னாறு தாண்டி மறையூர் போகும் வழியில் மாமாவின் பழைய கூடார முகாமைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் ஒரு நட்சத்திர ஆமை விழுந்து, ஏற முடியாமல் கிடந்தது. பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. வனத்துறையினர் வந்து எடுத்துப் போனார்கள். இப்போது பள்ளத்தின் இரு முனையிலும் மண்ணைச் சரிவாக வெட்டிவிட்டு, தினமும் காலையில் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறோம்.

பழைய தகரத்தைப் புரட்டினால் கண்ணாடி விரியன்! கேரள வனத்துறையின் 'சர்ப்பா' செயலியில் தகவல் போட்டோம், பயிற்சி பெற்றவர் வந்து பிடித்துப் போனார்.

பெரிய கவலை யானைதான். முற்றத்துப் பலா இரண்டும் காய்த்து நிற்கின்றன. பழுத்தால் வாசத்துக்கே வந்துவிடும். மரத்தை வெட்ட மனம் வரவில்லை. காயைப் பிஞ்சிலேயே இறக்கிவிட்டால் போதுமா? சூரிய மின்வேலி போட்டால், ஆமை அடிபடாமல் இருக்கக் கீழ்க்கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது? அப்புறம், இரவு முழுக்க விளக்கு எரியவிடலாமா, கூடாதா? காந்தளூர், வால்பாறைப் பக்கம் அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பலா பழுப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும்.