ஜி.ஐ. பீலியும் பிவிசி பீலியும் சேரும் இடத்தில் மூன்றாவது முறையாக ஒழுகல்: என்ன செய்யலாம்?

புதுத்திண்ணை:
வணக்கம். வீட்டின் பழைய பகுதியில் கூரை ஓரத்து மழைநீர்ப் பீலி ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு), 6 மீட்டர் நீளம், அகலம் 5 அங்குலம். புதிதாகக் கட்டிய பகுதியில் 6 அங்குல பிவிசி பீலி, 9 மீட்டர். தண்ணீர் ஜி.ஐ.யிலிருந்து பிவிசிக்கு வந்து, அதன் கடைசியில் உள்ள குழாய் வழியாக இறங்குகிறது. இரண்டின் முனைகளையும் முட்டவைத்து, அடியில் ஒரு தகடு கொடுத்து, ஸ்க்ரூ முடுக்கி, மேலே சிலிக்கான் பூசினேன். முதல் முறை பிவிசி பசைகூடப் போட்டுப் பார்த்தேன். மழைக்காலம் முழுவதும் தாங்குகிறது, வெயில் காலம் முடிந்து வரும் முதல் மழையில் ஒழுகுகிறது. கீழே சுவர் ஊறிப் பெயின்ட் உரிகிறது. இதைவிட நல்ல சீலன்ட் ஏதாவது இருக்கிறதா?

தகரவேலை:
சீலன்ட்டைத் தேடும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். சிலிக்கான் பூசும்போது காடி வாடை அடித்ததா? அது கிழிந்திருக்கிறதா, முழுசாக உரிந்து வருகிறதா? பிவிசியின் மறுமுனை சுவரில் முட்டி நிற்கிறதா?

புதுத்திண்ணை:
ஆமாம், நல்ல காடி வாடை. ஜி.ஐ. பக்கம் உரிந்து வருகிறது, அடியில் வெள்ளைப் பொடி, நடுவில் துருப்புள்ளிகள். மறுமுனை சுவரில் ஒட்டியேதான் நிற்கிறது அண்ணா.

தகரவேலை:
அப்படியென்றால் இரண்டு கோளாறு. சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். காடி வாடை அடிக்கும் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அது ஜி.ஐ.யின் மேலுள்ள துத்தநாகப் பூச்சைத் தின்னும். வெள்ளைப் பொடி அதுதான். பூச்சு போனால் பிடிப்பும் போச்சு. உலோகத்துக்கு அமிலம் விடாத, நியூட்ரல் என்று எழுதியிருக்கும் சிலிக்கான்தான் வாங்க வேண்டும். பிவிசி பசை, பிவிசியோடு பிவிசியை மட்டும்தான் கரைத்து ஒட்டும். தகட்டில் அதற்கு வேலையே இல்லை.

பெரிய கோளாறு நீட்சி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் பிவிசி சுமார் 0.6 மி.மீ. நீளும், ஜி.ஐ. 0.12 மி.மீ.தான். குளிர்ந்த விடியலுக்கும் கொளுத்தும் மதியத்துக்கும் பீலியின் சூட்டில் 35 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். உங்கள் 9 மீட்டர் பிவிசி கிட்டத்தட்ட 19 மி.மீ. நீளும், 6 மீட்டர் ஜி.ஐ. இரண்டரை மி.மீ. மறுமுனை சுவரில் முட்டுவதால் அந்த நீட்சி முழுவதும் இணைப்பின் மேல்தான் விழுகிறது. பூசிய மெல்லிய சிலிக்கான் அவ்வளவு தூரம் இழுபட்டுத் தாங்காது. நீங்கள் அசையாமல் கட்டிய இடம், அசைந்தே தீர வேண்டிய இடம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, சேர்க்காமலே விடுவது. ஜி.ஐ. முனையில் அதற்கென்று ஒரு இறக்கு குழாய், பிவிசி முனைக்கு மூடி. அதற்கு இடமிருக்கிறதா?

புதுத்திண்ணை:
இல்லை, அந்த இடத்துக்கு நேர் கீழே ஜன்னல்.

தகரவேலை:
சரி, அப்போது வழுக்கு இணைப்பு. உங்கள் ஜி.ஐ. குறுகல், பிவிசி அகலம், அது நல்லதாகப் போயிற்று. மேலிருந்து வருவது உள்ளே, கீழே வாங்குவது வெளியே. ஜி.ஐ. முனை பிவிசிக்குள் 15 செ.மீ. போகட்டும். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, துருப்பட்ட இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் துத்தநாகப் பெயின்ட் அடியுங்கள். தகட்டின் அடிப்பக்கம் மட்டும் ஒரு பஞ்சு ரப்பர் பட்டையை ஒட்டுங்கள், பிவிசி அதன்மேல் வழுக்க வேண்டும். ஸ்க்ரூ, ரிவெட் எதுவும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. இணைப்பின் இரு பக்கமும் 15 செ.மீ.க்குள் தாங்கி கொடுங்கள்.

பிவிசியின் இறக்கு குழாய் வாயை மட்டும் அசையாமல் நிறுத்திவிட்டு, சுவர்ப் பக்கம் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். மற்றத் தாங்கிகளில் பீலி ஓடியாடட்டும். இணைப்பில் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடும் சரிவைக் கவனியுங்கள், 3 மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. இருக்கட்டும். அங்கே தண்ணீர் தேங்கினால் இந்த முறை பலிக்காது.

ஓட்டுக்கூரை:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மேலே செம்புப் பீலி, அதன் தண்ணீர் கீழே அலுமினியப் பீலிக்குள் விழுகிறது. இரண்டும் படாமல் நடுவில் ரப்பர் வைத்தும் அலுமினியத்தில் குழி விழுகிறது.

தகரவேலை:
ரப்பர் உலோகம் உலோகத்தைத் தொடுவதைத்தான் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. செம்பின் மேல் ஓடிவரும் மழைநீர் கொஞ்சம் செம்பைக் கரைத்துக்கொண்டு வரும். அது அலுமினியத்தின் மேல் படிந்த இடத்திலெல்லாம் அலுமினியம் அரிக்கப்படும். ஜி.ஐ.யின் துத்தநாகத்துக்கும் இதே கதிதான். செம்புக்குக் கீழே செம்பு அல்லது பிவிசி போடுங்கள். அலுமினியம் மேலே, செம்பு கீழே என்றால் தண்ணீரால் கெடுதல் இல்லை, இரண்டும் நேராகத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். செம்புத் தகட்டில் அலுமினிய ரிவெட்டும் வேண்டாம், சீக்கிரம் கரைந்துவிடும்.

புதுத்திண்ணை:
அண்ணா, செய்து முடித்துவிட்டேன். ஜி.ஐ. விளிம்பு நிற்கும் இடத்தில் பிவிசியின் உள்ளே பென்சிலால் கோடு போட்டேன். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 9 மி.மீ. நகர்ந்திருக்கிறது! இத்தனை நாள் இதைத்தான் ஸ்க்ரூ முடுக்கி நிறுத்தப் பார்த்திருக்கிறேன். நேற்று நல்ல மழை. இணைப்பில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் பிவிசியின் நடுவில் ஒரு தாங்கிக்கிட்டே 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது.

தகரவேலை:
அந்தத் தாங்கி பீலியை இறுக்கிப் பிடிக்கிறது. கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். வெயில் ஏறும் நேரத்தில் கையை வைத்துப் பார்த்தால் எது இறுக்கம் என்று தெரியும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள்.