லாஸ் ஏஞ்சலிஸ் – சிகாகோ சரக்குப் பாதை: மலையேறும் பிஎன்எஸ்எஃப் எப்படி முந்துகிறது?

பாலைவனவாசி (பீனிக்ஸ்):
போன வாரம் குடும்பத்தோடு அரிசோனா மலையூரான பிளாக்ஸ்டாஃபில் தங்கினோம். ராத்திரி முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக இரண்டடுக்கு கன்டெய்னர் ரயில்கள், எல்லாமே பிஎன்எஸ்எஃப் என்கிற சரக்கு ரயில் கம்பெனியுடையவை. பையன் ஜன்னலை விட்டு நகரவில்லை. போட்டிக் கம்பெனியான யூனியன் பசிபிக்கும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சிகாகோவுக்கு ஓட்டுகிறது. டூசான், எல் பாசோ வழியாக. பிளாக்ஸ்டாஃபோ கிட்டத்தட்ட 6,900 அடி உயரம். அப்படியிருந்தும் கன்டெய்னர் வியாபாரத்தில் பிஎன்எஸ்எஃப் கை ஓங்கியிருப்பது ஏன்?

ஜோலியட் டிஸ்பேட்சர்:
சிகாகோ பக்கத்து ஜோலியட்டில் பதினொரு வருஷமாக கன்டெய்னர் லாரிகளை அனுப்பும் வேலை எனக்கு. உயரத்தை விடுங்கள், ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்று பாருங்கள். பிஎன்எஸ்எஃபின் முன்னோடிக் கம்பெனியான சாண்டா ஃபேயின் பழைய பிரதான பாதை ராட்டன் கணவாய் வழியாகப் போனது. அங்கே 100 அடிக்கு 3.5 அடி ஏற்றம், பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின் வேண்டும். 1908-இல் நியூ மெக்சிகோவின் கிளோவிஸ், பெலன் வழியாக மாற்றுப் பாதை திறந்தார்கள்; ஏற்றம் 1.25 அடிக்குள் அடங்கியது. இன்றைய போட்டியை அன்றைக்கே பாதி ஜெயித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். 1960-இல் பிளாக்ஸ்டாஃபுக்கு மேற்கே 44 மைல் புதுப் பாதை. பெலன் பக்கத்து அபோ பள்ளத்தாக்கில் மட்டும் ஒற்றைத் தடம் தடங்கலாக இருந்தது. 2011-இல் அங்கேயும் இரண்டாவது தடம் வந்துவிட்டது.

யூனியன் பசிபிக் எல் பாசோ வரை நன்றாகத்தான் வருகிறது. அதற்கப்புறம் டுக்கும்காரி, கன்சாஸ் வழியாகப் பெரும்பாலும் ஒற்றைத் தடம். டுக்கும்காரிக்கு அப்பால் உள்ளது, திவாலான ராக் ஐலண்ட் ரயில்வேயிடமிருந்து 1980-இல் சதர்ன் பசிபிக் வாங்கிய பாதை; சதர்ன் பசிபிக் பிறகு யூனியன் பசிபிக்கோடு இணைந்துவிட்டது. எதிர் வண்டிக்காக லூப் லைனில் காத்து நிற்க வேண்டும். நிலக்கரிக்கு ஒரு மணி நேரம் பெரிதல்ல, கூரியர் பார்சலுக்கு அது பெரிய விஷயம்.

ஹூஸ்டன் ரசாயனம்:
அண்ணா, இரண்டு பாதை இருக்கிற இடத்தில்தான் இந்தப் போட்டியெல்லாம். எங்கள் ஆலை வாசலில் ஒரே கம்பெனியின் தண்டவாளம். பிளாஸ்டிக் குருணையை அவர்கள் சொல்லும் கட்டணத்துக்குத்தான் அனுப்புகிறோம். லாரியில் அனுப்பினால், குருணை ஏற்றும் ஒரு ஹாப்பர் வேகனுக்கு நாலு லாரி வேண்டும், கட்டுப்படியாகாது. கனடாவில் 30 கிலோமீட்டருக்குள் இன்னொரு ரயில்வே இருந்தால், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் வேகனை அதனிடம் மாற்றிவிடலாம். அந்த உரிமை இங்கேயும் வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

பாலைவனவாசி:
நன்றி இருவருக்கும். 2025 ஜூலையில் யூனியன் பசிபிக்கும் கிழக்குப் பக்கக் கம்பெனியான நார்ஃபோக் சதர்னும் இணைவதாக அறிவித்தார்களே, அதனால் ஜோலியட்டில் என்ன மாறும்?

ஜோலியட் டிஸ்பேட்சர்:
மேற்கத்திய கம்பெனிகளும் கிழக்கத்திய கம்பெனிகளும் சந்திக்கிற ஊர் சிகாகோ. இங்கே இறங்கும் பெட்டிகளில் பலவற்றை லாரியில் ஏற்றி, ஐ-55 சாலையில் நாற்பது மைல் ஓட்டி, நகருக்குள் இருக்கும் கிழக்குக் கம்பெனியின் யார்டில் விடுகிறோம். சாலை நெரிசலில் கிழக்கு வண்டியைத் தவறவிட்டால் பெட்டிக்கு ஒரு நாள் போச்சு. இரண்டும் ஒரே கம்பெனியானால் ரயிலை அப்படியே கிழக்கே அனுப்பிவிடலாம். சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் அந்த நாற்பது மைலை நம்பியே ஆறு டிரைவர்கள் இருக்கிறார்கள். ஹூஸ்டன் தங்கை சொன்ன உரிமையையும் இணைப்புக்கு நிபந்தனையாக வைக்க வேண்டும்; அதைக் கேட்க இதைவிட நல்ல சமயம் வராது.