எச்ஐவி: கொசுவுக்குப் பயம், கிழிந்த ஆணுறைக்கு அலட்சியம்

ஆலோசகர், கடலூர்:
நம்பிக்கை மையத்துக்கு, அதாவது அரசு எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு வருகிறவர்கள், கொசு கடித்தால் எச்ஐவி வருமா என்று கேட்காமல் போவதில்லை. முதுநகர்ப் பக்கம் சாயங்காலமானால் உட்காரவே முடியாது, கேள்வி நியாயம்தான். கொசு ஒரு குழலால் எச்சிலை விடும், வேறொரு குழலால் ரத்தத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை அடுத்தவர் உடம்பில் கக்குவதில்லை. டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்குப் போகும். எச்ஐவி அதன் வயிற்றிலேயே செரித்து அழியும்.

ஒரே தட்டு, கழிப்பறை, வியர்வை, இருமல் எதிலும் பரவாது. சலூனில் புது பிளேடு கேளுங்கள். அது முக்கியமாகக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்காக. காய்ந்த ரத்தத்திலும் அந்த வைரஸ் ஒரு வாரம் தாங்கும்.

நிஜமான ஆபத்தை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆணுறைமேல் தேங்காய் எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் நைந்து கிழியும். எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி. இரண்டு உறை சேர்த்துப் போட்டால் உரசிக் கிழியும்.

செவிலியர், புதுச்சேரி:
ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரம்தான் அவகாசம். முதல் 2 மணி நேரத்துக்குள் பெப் மாத்திரை (எச்ஐவி தொற்றாமல் தடுக்கச் சம்பவத்துக்குப் பின் சாப்பிடுவது) தொடங்குவது உத்தமம். ஜிப்மரா, கடலூரா என்று யோசிக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். தினம் ஒரு மாத்திரை, 28 நாள். குமட்டுகிறது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் காரியம் கெடுகிறது. டாக்டரிடம் சொன்னால் குமட்டலுக்கும் மருந்து தருவார்.

வார்டில் ஊசி குத்தினால் விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், டெட்டால் ஊற்றாதீர்கள், திசு புண்ணாகும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவினால் போதும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி என்றாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 1000-க்கு 3. அதற்காக பெப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆய்வக நுட்புநர், கடலூர்:
சம்பவம் நடந்த மறுநாளே சோதித்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். நாங்கள் தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது உருவாக வாரக்கணக்கில் ஆகும். 3 மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். முதல் சோதனைக் கிட் பாசிட்டிவ் காட்டினாலும் பதற வேண்டாம், வேறு இரண்டு கிட்டுகளிலும் பார்த்த பிறகே முடிவு சொல்வோம். சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

ஆலோசகர், கடலூர்:
ஒன்று விட்டுப்போச்சு. எச்ஐவிக்கான கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவில் துணைக்குப் பரவாது. தாய்ப்பாலுக்கு இதே உறுதியைத் தர முடியாது. ஆபத்து மிகக் குறையும், பூஜ்யம் ஆகாது. அதனால் குழந்தைக்குப் பிறந்ததும் கொடுக்கும் மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது.