'திவாலி ரிடிம்': எல்லாப் பாட்டுக்கும் ஒரே இசையா?

கடைசிபஸ்:
பெயரைப் பார்த்துத்தான் போட்டேன். 2002இல் லண்டன் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட டான்ஸ்ஹால் (ஜமைக்காவின் ஆட்டப்பாட்டு வகை) தொகுப்பு. ஜமைக்காக்காரர்கள் தீபாவளிக்குப் பாட்டுப் போட்டிருக்கிறார்களோ என்று ஆசையாக உட்கார்ந்தால், முதல் பாட்டில் வந்த அதே கைத்தட்டல்தான் இரண்டாவதிலும், மூன்றாவதிலும். ரிப்பீட்டில் மாட்டிக்கொண்டதோ என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன், பாடுகிற ஆள் மட்டும் மாறுகிறார். ஏழாவதோடு நிறுத்திவிட்டேன். பெயர் திவாலி, திவாலானது என் பொறுமை. இதை எப்படி ஆல்பம் என்று விற்கிறார்கள்?

மொட்டைமாடி:
நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று மேலே போட்டுவிட்டுப் புது வரி எழுதியிருப்பார்களே, அந்தக் கதைதான். காசு மிச்சம், வேறென்ன.

ஊஃபர்:
இல்லைங்க, அதற்கு நேர் தலைகீழ். அங்கே மெட்டு நிற்கும், வரி மாறும். இங்கே அடியில் இருக்கும் டிரம்மும் பேஸும்தான் நிற்கின்றன, மெட்டு, வரி, குரல் எல்லாம் அவரவர் சொந்தச் சரக்கு. அந்த அடித்தளத்தைத்தான் ரிடிம் என்கிறார்கள். ஜமைக்காவில் ஒரு பாட்டு மட்டும் வரும் சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் பாட்டை எடுத்துவிட்டு இசையை மட்டும் 'வெர்ஷன்' என்று போடும் வழக்கம் வந்தது, தெருவில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி நடத்தும் சவுண்ட் சிஸ்டத்தில் அதை ஓடவிட்டு மைக்கில் ஆள் பேசுவார், யூ-ராய் என்ற ஜமைக்கா கலைஞர் பெயர் வாங்கியதே அப்படித்தான். 1974இல் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமை வைத்து 'யமஹா ஸ்கேங்க்' என்று முழு ஆல்பமே போட்டுவிட்டார். காசு மிச்சம் என்றீர்களே, அதுவும் உண்மைதான், மறைப்பானேன். இசையை ஒரு தடவை செய்துவிட்டுப் பத்துப் பேரைப் பாட வைக்கலாம்.

ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். திவாலியைச் செய்தவர் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன். அதன் மேல் ஷான் பால் பாடியது 'கெட் பிஸி', வெய்ன் வொண்டர் பாடியது 'நோ லெட்டிங் கோ'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

கடைசிபஸ்:
அடப்பாவமே. இரண்டும் காலேஜ் நாளிலேயே கேட்ட பாட்டு! ஒன்று குதிக்க வைக்கும், இன்னொன்று உருக வைக்கும். இரண்டுக்கும் அடியில் ஒரே இசை என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது.

ஊஃபர்:
அதுதான் விஷயம். 'கெட் பிஸி' 2003 மே மாதம் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுப் பட்டியலில் முதலிடம். அதே வருஷம் நியூயார்க் பெண் லுமிடி இதே திவாலி மேல் பாடிய 'நெவர் லீவ் யூ' மூன்றாம் இடம் வரை போனது.

மொட்டைமாடி:
சரி, தோற்றேன். ஆனாலும் தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை கேட்க என்னால் ஆகாது.

ஊஃபர்:
என்னாலும் ஆகாது, அது வீட்டில் உட்கார்ந்து வரிசையாகக் கேட்கிற சரக்கே இல்லை. ஆட்டக்களத்தில் தட்டு மாற்றுகிறவரை அங்கே 'செலக்டர்' என்பார்கள் (டிஜே என்றால் மைக் பிடித்துப் பாடுகிறவர், குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஒரே ரிடிம் என்பதால் தாளம் அறுபடாமல் ஒருவர் குரலிலிருந்து அடுத்தவர் குரலுக்குத் தாவிக்கொண்டே போவார், ஆடுகிறவன் கால் நிற்காது. நீங்கள் நாலைந்து பாட்டை மட்டும் எடுத்து, 'அதே அடிக்கு இந்த ஆள் எங்கே நுழைகிறார்' என்று கவனியுங்கள். இதே தொகுப்பில் பவுன்ட்டி கில்லர் என்பவர் பாடிய 'சஃபரர்' பாட்டை விட்டுவிடாதீர்கள், அதே கைத்தட்டலுக்கு மேல் அந்த ஆள் ஏழைப் பிழைப்பைப் பேசுவார்.

கடைசிபஸ்:
எட்டாவதிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். இந்தத் தடவை ஹெட்ஃபோன் இல்லாமல், பெரிய ஸ்பீக்கரில். கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ.