குழந்தை ஆஸ்துமா: மரபணு சோதனை தீவிரத்தைச் சொல்லுமா?

கேள்வி – இளந்தளிர்
ஒரு வீட்டில் அண்ணன் தங்கை இருவருக்கும் இழுப்பு. அண்ணனுக்கு இரண்டு பஃப் சால்பியூட்டமாலில் (உடனே மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இன்ஹேலர் மருந்து) அடங்கிவிடும். தங்கைக்குச் சளி பிடித்தாலே ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போகும். இந்த வித்தியாசம் மரபணுவாலா? சோதனை எடுத்தால் மருந்தை அதற்கேற்ப மாற்றலாமா?

பதில் – சுருள்_ஏணி
ஓரளவு மரபணு. ஆனால் ஒரே மரபணு அல்ல. நம் மரபணுத் தொகுதியில் ஆஸ்துமாவோடு தொடர்புள்ள இடங்கள் நூற்றுக்கு மேல். பெரும்பாலானவை ஆபத்தைக் கொஞ்சமே கூட்டும். 2007இல் தெரியவந்த 17க்யூ21 பகுதி (17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு), சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமாவோடு நெருக்கமானது.

‘சளி பிடித்தாலே’ என்பதற்குப் பொருத்தமானது சி.டி.எச்.ஆர்.3 என்ற மரபணு. அது உருவாக்கும் புரதத்தின் 529ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டைரோசின் வந்தால், மூச்சுக்குழாய் செல்லின் மேற்பரப்பில் புரதம் அதிகமாக நிற்கும். சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் சி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் பிடியே அந்தப் புரதம்தான். இந்த மாறுபாட்டை 2014இல் கண்டது, 2 முதல் 6 வயதுக்குள் அடிக்கடி மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளிடம். உடன்பிறந்தவர்களுக்குள் இப்படிப்பட்ட மரபணு மாறுபாடுகளில் பொதுவானது சராசரியாகப் பாதிதான். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போகலாம். இருந்தாலும் அதை வைத்து ‘இந்தக் குழந்தைக்கு நோய் தீவிரமாகும்’ என்று சொல்ல முடியாது.

பதில் – மருந்துப்பெட்டி
மருந்து விஷயத்தில் அதிகம் பேசப்படுவது ஏ.டி.ஆர்.பி.2 (மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்துகள் ஒட்டும் ஏற்பியின் மரபணு). அந்த ஏற்பியின் 16ஆம் இடத்தில், தாய் தந்தையிடமிருந்து வந்த இரு பிரதியிலும் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் உள்ள குழந்தைகள், ஸ்டீராய்டு இன்ஹேலரோடு சால்மெட்டரால் போன்ற நீண்டநேர மருந்து எடுக்கும்போது அதிகமாக மோசமடைவதைச் சில ஆய்வுகள் காட்டின. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. வழக்கமான சிகிச்சையில் இந்தச் சோதனை இடம்பெறவும் இல்லை.

ரிப்போர்ட்டில் ‘அர்ஜினின்’ என்று பார்த்ததும் கூட்டு இன்ஹேலரைத் தாங்களாகவே நிறுத்துவதுதான் பெரிய தவறு. அதோடு ஸ்டீராய்டும் நின்றுபோகும். மாண்டெலுகாஸ்ட் மாத்திரைக்கு மாறுவதும் சும்மா இல்லை: தூக்கக் கோளாறு, மனநிலை மாற்றம் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் கட்டமிட்ட எச்சரிக்கை போட்டது.

கேள்வி – இளந்தளிர்
அப்படியானால் சோதனையே வேண்டாமா?

பதில் – காற்றுவழி
முதலில் அது தீவிர ஆஸ்துமாவா (மருந்து சரியாகப் போயும் அடங்காதது), வெறும் கட்டுப்படாத ஆஸ்துமாவா (மருந்து சரியாகப் போகாததால் அடங்காதது) என்று பிரியுங்கள். பாதிப் பேருக்கு மேல் சிக்கல் ஸ்பேசரில்தான் (இன்ஹேலரோடு பொருத்தி மூச்சிழுக்கும் குழாய்) என்பேன். இன்ஹேலரைக் குலுக்கி ஒரு பஃப் மட்டும், பிறகு 5–6 சாதாரண மூச்சு. அரை நிமிடம் விட்டுத்தான் அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் படியும். முகமூடியின் ஓரத்தில் இடைவெளி இருந்தாலும், குழந்தை அழுதாலும் நுரையீரலுக்குப் போவது சொற்பம். ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புநீரில் முக்கித் தானாகக் காயவிடுங்கள்.

முறை சரியாகி, மருந்தும் தவறாமல் போய், அப்போதும் அடங்காவிட்டால் ரத்த ஈசினோபில் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளணு), மொத்த ஐ.ஜி.இ. (ஒவ்வாமை எதிர்ப்புப் புரதம்), மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடு (குழந்தைகளுக்கு 35 பி.பி.பி.க்கு, அதாவது நூறு கோடியில் 35 பங்குக்கு, மேல் அதிகம்) ஆகியவற்றைப் பாருங்கள். 6 வயதுக்கு மேல் ஒமலிசுமாப், மெப்போலிசுமாப் போன்ற ஊசிகளைத் தேர்ந்தெடுக்க உதவுவது இந்த எண்கள்தான்.

மரபணு சோதனை உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு: தினமும் ஈரமான இருமல், எடை ஏறாமை, விரல்நுனி உருண்டு தடித்தல். இவை இருந்தால் அது ஆஸ்துமாவே இல்லாமல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸாகவோ (நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோய்) பிறவியிலேயே சிலியா (சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்) சரியாக இயங்காத நோயாகவோ இருக்கலாம். முன்னதற்கு வியர்வை குளோரைடு சோதனை முதலில், சி.எஃப்.டி.ஆர். மரபணு அடுத்து.