மலைத்தீ அணைக்கப் போகும் ஊர்க்காரர்கள் வனத்துறை, தீயணைப்பு ஒயர்லெஸ்ஸோடு சேர முடியுமா?

அஞ்செட்டிப்_பையன்:

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மாசி பிறந்தால் மலை புகைய ஆரம்பிக்கும். புதுப் புல் முளைக்கட்டும் என்று யாராவது கொளுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் ஒரு பீடித் துண்டு. வனத்துறையில் தீத்தடுப்புக் காவலர்கள் நாலைந்து பேர்தான். அவர்கள் கூப்பிட்டால் நாங்கள் பதினான்கு பேர் பச்சைத் தழையும் அரிவாளுமாகக் கூடப் போவோம். சம்பளம் கிடையாது, டீயும் பன்னும் உண்டு.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் இரண்டு அணியாகப் பிரிந்தோம். ஏழு பேர் கீழே ஓடைப் பக்கம். நாங்கள் ஏழு பேர் மேலே, தீ தாண்டாமல் இருக்கப் புல்லையும் புதரையும் அகற்றிக் கோடு வெட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று காற்று திரும்பி, தீ மேட்டைப் பார்த்து ஏறிவிட்டது. கீழே இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள், விசில் அடித்திருக்கிறார்கள். மூங்கில் வெடிக்கிற சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிந்தபோதுதான் விஷயமே புரிந்தது. காலையில் எரிந்து கருகிக் கிடந்த இடத்துக்குள் ஓடிப் போய் நின்றோம். சித்தப்பா பையனுக்கு வலது புருவம் மட்டும் போச்சு. காவலரிடம் ஒரு ஒயர்லெஸ் செட் இருந்தது, ஆனால் அவர் கீழே இருந்தார். போனுக்கு டவர் கிடைப்பது மாரியம்மன் கோயில் பாறை மேல் மட்டும்தான்.

அப்புறம் காசு சேர்த்து ஆன்லைனில் ஆறு வாக்கி டாக்கி வாங்கிவிட்டோம். ஓசூரில் வேலை பார்க்கும் மாமா, "இதை வைத்திருந்தாலே கேஸ்" என்கிறார். உண்மையா? வனத்துறை செட்டிலும் தீயணைப்பு வண்டியிலும் நாங்கள் பேச வழி இருக்கிறதா? அமெரிக்காவில் தன்னார்வத் தீயணைப்புக்காரர்களும் போலீஸும் ஆம்புலன்ஸும் ஒரே ரேடியோ அமைப்பில் பேசுகிறார்களாம்.

பழைய_ஒயர்லெஸ் (தருமபுரி):

தம்பி, அந்த ஆறையும் முதலில் பெட்டிக்குள் போடு. உங்கள் மாமா சொன்னது சரி. 1933-ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே உரிமம் இல்லாமல் செட் வைத்திருப்பது குற்றம். 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம்தான். விதிவிலக்கு ஒன்று உண்டு. 2018 விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் வேலை செய்யும் கைச் செட்டுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கும் இ.டி.ஏ. என்கிற அரசின் கருவி ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். நீ வாங்கியது எந்த அலைவரிசையிலும் பேசுகிற வகை என்றால் கடைக்காரனுக்கே திருப்பி அனுப்பு.

பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பான், நம்பாதே. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் கூப்பிடு தூரத்தில் இருப்பவனுக்கும் கேட்காது. அதனால் இரண்டு பக்கமும் தெரிகிற முகட்டில் ஓர் ஆளை நிறுத்து. அவனுக்குத் தீ அணைக்கிற வேலையே கிடையாது. கீழே இருந்து வருவதை மேலே சொல்வான், மேலே இருந்து வருவதைக் கீழே சொல்வான். நாங்கள் சர்வீஸில் இருந்தபோது, பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்புகிற ரிப்பீட்டர் ரிப்பேரானால் இப்படித்தான் சமாளிப்போம்.

வனத்துறை, போலீஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி அலைவரிசை. உங்களை அதில் சேர்க்கமாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. ரேஞ்சரிடம் போய் செட்டைக் கேட்காதே, செட்டோடு ஓர் ஆளைக் கேள். ஒவ்வோர் அணியோடும் ஒரு காவலர். அது நியாயமான கேள்வி, அவரால் மறுக்க முடியாது. 2018-இல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்கு அப்புறம், யார் எந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த ரேஞ்சரும் தூங்கமாட்டார்.

அரூர்_டு_ஒஹையோ:

நான் அரூர்க்காரன். பகலில் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரியில் இங்கே ஒரு சின்ன ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கிறேன். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் என்னைப் போலச் சம்பளம் இல்லாதவர்கள்.

ஒஹையோவில் மார்க்ஸ் என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே ரேடியோ அமைப்பு. எங்கள் படை வி.எச்.எஃப். என்கிற பழைய வகை ரேடியோ செட்டை விட்டு அதில் சேர்ந்தபோது நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. செட் ஒன்றின் விலை பல ஆயிரம் டாலர், போதாததற்கு அப்போது ரேடியோவுக்கு மாதக் கட்டணமும் இருந்தது. அன்னதானத்துக்கு வசூல் பண்ணுகிற மாதிரி பான்கேக் விற்று நிதி சேர்க்கிற படை எங்கே போகும்? மானியம் வந்துதான் சேர்ந்தோம். இப்போது பக்கத்து ஊர் வண்டி வந்தாலும் ஆம்புலன்ஸ் வந்தாலும் ஒரே குழுவில் பேசுகிறோம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கொடுத்த எச்சரிக்கை தீயணைப்பு வீரர்களின் ரேடியோவுக்குப் போகவில்லை. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அதற்கு அப்புறம்தான் இங்கே இந்தப் பேச்சு சூடு பிடித்தது.

ஆனால் அதையே கண்மூடி வேண்டும் என்று கேட்காதீர்கள். டவர் எட்டாத கட்டட நிலவறைக்குள் இறங்கினால் செட் 'பொங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அமைதியாகிவிடும். அதனால் நெருப்புக்குப் பக்கத்தில் டவர் வழியாகப் போகாத நேரடி சேனலைத்தான் எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். இன்னொன்று, பக்கத்தில் செயின்சா ஓடினால் டிஜிட்டல் செட்டில் குரல் தண்ணீரில் கொப்பளிக்கிற மாதிரி கேட்கும். பெரியவர் சொன்ன முகட்டு ஆள் ஏற்பாடு உங்கள் மலைக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தளி_டீச்சர்:

என் அப்பா தீத்தடுப்புக் காவலராக இருந்தவர். செட் வருவதற்கு முன்னால் பெயரைச் சரி பண்ணுங்கள். எங்கள் பக்கம் ஒரே பாறையைக் கன்னடக்காரர் தொட்டபண்டே என்பார், தெலுங்குக்காரர் பெத்தபண்ட என்பார், தமிழில் பெரிய பாறை. அடுத்த ஊரிலும் ஒரு பெரிய பாறை இருக்கிறது! "பெரிய பாறைக்கு வா" என்ற ஒரு வார்த்தையால் அப்பா ஒரு தடவை மலைக்குத் தப்பான பக்கம் ஏறி, யானைக் கூட்டத்துக்கு நடுவில் விடிய விடிய மரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு தாளில் ஓடை, பாறை, கோயில், குட்டை எல்லாவற்றையும் வரைந்து எண் போடுங்கள். மூன்று மொழியிலும் எண் அவரவருக்குத் தெரியும். அப்புறம், இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் செயற்கைக்கோள் பார்த்த தீயைப் பற்றி போனுக்கு இலவசமாகக் குறுஞ்செய்தி வரும். ஆனால் அது தலைக்கு மேல் கடக்கும்போது பார்த்ததைத்தான் சொல்லும். உங்கள் மூக்கு அதை முந்திவிடும்.

அஞ்செட்டிப்_பையன்:

எல்லோருக்கும் நன்றி. ஆறையும் திருப்பி அனுப்பியாச்சு, நாலுக்குத்தான் பணம் வந்தது. ரேஞ்சரைப் பார்த்தோம். அணிக்கு ஒரு காவலர் தருகிறேன், ஆனால் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே வேண்டும் என்றார். டீச்சர் சொன்ன மாதிரி வரைந்ததில் முப்பத்தொரு இடம் வந்தது. அதில் நாலு இடத்துக்குப் பெயர் எது என்று இன்னும் பஞ்சாயத்து நடக்கிறது. சான்று உள்ள 446 செட் மூன்று வாங்கப் போகிறோம். முகட்டில் உட்கார எங்கள் பெரியப்பா ரெடி. முட்டி வலி, ஏறி இறங்கி அணைக்க முடியாது, ஆனால் கண் நல்ல கூர்மை. ஒரே சிக்கல், பதற்றம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வாயில் வரும்.

பழைய_ஒயர்லெஸ் (தருமபுரி):

கன்னடம் வரட்டும், எண்ணைச் சரியாகச் சொன்னால் சரி. பட்டனை அழுத்தியதும் ஒரு நொடி விட்டுப் பேசச் சொல். அழுத்திக்கொண்டே பேசினால் முதல் எழுத்தை செட் விழுங்கிவிடும். அவர் "ஓடு" என்பார், உனக்கு "டு" என்றுதான் கேட்கும்.